விமானச் சக்கரமும் இறப்பர் மரமும்

நூதனசாலையொன்றிலே காணப்படும் பொருள் எதுவும் தனக்குரிய கதை முழுவதையும் தானே கூறிவிடுவதில்லை. அதனை இயக்கியோரின் பெயர் அறிவிப்புப் பலகையில் இடம்பெறும். அதற்கு வேண்டிய மூலப்பொருளைத் தந்தோரின் பெயர் இடம்பெறுவது அரிது. இரத்மலானையிலுள்ள இலங்கை விமானப்படை நூதனசாலையைச் சப்ரகமுவ இறப்பர்த் தோட்டங்களின் வரலாற்றோடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1935 நவம்பர் 27 ஆம் நாள் இரத்மலானையில் முதன்முதலாக இறங்கிய விமானம் சென்னை விமானக் கழகத்தினுடையது. 1993 இல் பழைய விமானங்களைப் பேணும் பிரிவாகத் தொடங்கி, 2009 இல் புதுப்பிக்கப்பட்டுப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இந்நூதனசாலையில், 1951 இல் உருவான விமானப்படையின் வளர்ச்சியைப் படிப்படியாகக் காணலாம். பயிற்சிக்குரிய சிப்மங், போக்குவரத்துக்குரிய டவ், ஹெரன் ஆகியவற்றோடு ஜெட் புரோவஸ்ட், மிக்-17 எனும் தாரை விமானங்களும் இங்குள. இவற்றுட் பின்னைய இரண்டும் சப்ரகமுவவை நேரே நினைவூட்டுவன. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின் முக்கிய களங்களுள் கேகாலை மாவட்டமும் ஒன்று. அதனை அடக்க ஜெட் புரோவஸ்ட் விமானங்கள் பயன்படுத்தப்பட்டன. சோவியத் ஒன்றியம் மிக்-17 விமானங்களை வழங்கியதும் அவ்வாண்டிலேயே.

ஆயினும், இதனினும் மூன்று தசாப்தம் முற்பட்ட உறவொன்று விமானச் சக்கரங்களிலே மறைந்து கிடக்கின்றது. தரையைத் தொடும் கணத்தில் எழும் பெரும் பாரத்தையும் வெப்பத்தையும் தாங்க வல்லது இயற்கை இறப்பர். செயற்கை இறப்பர் பெருகிய பின்னரும் விமானச் சக்கரங்களில் அதன் இடம் அற்றுப்போகவில்லை.

1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் தொடர்ந்து டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமாயின. உலகின் இறப்பர் விளைநிலங்களிற் பெரும்பகுதி இவ்வாறு கைநழுவவே, நேச நாடுகளுக்கு எஞ்சிய முதன்மையான மூலமாக இலங்கை விளங்கியது. அவ்வாண்டு ஏப்ரல் 5 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, இரத்மலானையிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து எதிர்த்தன. அவ்விமானிகளின் தீரத்தை வரலாறு நன்கு பதிந்துள்ளது.

அதே காலத்தில் யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, எஹலியகொட முதலிய பகுதிகளின் தோட்டங்களில் வேறொரு போர் நடைபெற்றது. மரத்தின் ஆயுளைப் பொருட்படுத்தாது, இயன்ற அளவு பாலை விரைந்து பெறும் கடும் வெட்டு முறை கையாளப்பட்டது. விடியுமுன் பெரட்டுக் களத்திற் கூடி, மலைச்சரிவில் மரம் மரமாகச் சென்று, சிரட்டையில் வடிந்த பாலை வாளியிற் சேர்த்துச் சுமந்தோருட் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளரே.

போர் 1945 இல் முடிந்தது. மூன்றாண்டுகளிலே அவர்களுக்குக் கிடைத்த பலன் யாது? 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறியது. பேரரசின் போருக்கு இன்றியமையாத உழைப்பு, சுதந்திர நாட்டின் குடியுரிமைக்குப் போதிய சான்றாகக் கொள்ளப்படாமை சிந்தனைக்குரியது.

விமானப்படை நூதனசாலை விமானிகளின் கதையை முதன்மைப்படுத்துவது இயல்பே. அதிற் குறை காண்பதற்கில்லை. தொழிலாளரின் கதையைத் தேடுவது வரலாறு பயில்வோராகிய நமது பொறுப்பாகும். அன்று பால் வெட்டியோருட் பெரும்பாலோர் இன்றில்லை. அவர்தம் பிள்ளைகள் கேட்டறிந்த செய்திகளும், தோட்டக் காரியாலயங்களில் எஞ்சியுள்ள பழைய செக்ரோல் ஏடுகளுமே இனிச் சான்றாகும். ஏடுகளைக் கறையான் அரித்துவிடும். செய்திகள் முதியோருடன் மறைந்துவிடும். சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த நம்மவர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, ஆளுக்கொரு முதியவரின் வாய்மொழியையேனும் எழுதிக்கொண்டு வருவாராயின், அறிவிப்புப் பலகையில் இல்லாத பெயர்கள் சிலவற்றையாவது வரலாற்றிற் சேர்த்தவராவோம்.