வன்னிப் பெருவழியும் பொதுப்பந்தியும்: உணவகம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அரசர்தம் போர்களாலும் ஆட்சியாளர்தம் சட்டங்களாலும் மாத்திரம் அறிந்துகொள்ளுதல் இயலாது. அச்சமுதாயத்து மக்கள் எதனை உண்டனர், யாருடன் அமர்ந்து உண்டனர், யாருடைய கையால் வாங்கி உண்டனர் என்பனவும் வரலாற்றுச் சான்றுகளேயாம். விருந்தில் உண்பவனுக்கு மதிப்பு உண்டு. ஆயின் இன்னது வேண்டும் எனக் கேட்கும் உரிமை இல்லை. அன்னதானத்திற் பசி தீரும். ஆங்கும் அவ்வுரிமை இல்லை. விலை கொடுத்து, விரும்பியதைத் தெரிந்து, பிறரோடு சமமாக அமர்ந்து உண்ணும் இடமே உணவகம். இத்தெரிவு வன்னி மக்களுக்கு எவ்வாறு கிட்டியது, எவ்வாறு பறிபோயிற்று, எவ்வாறு மீண்டது என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஈண்டு வன்னி என்பது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களைக் குறிக்கும்.

சமைத்த உணவை விலைக்கு விற்றல் தமிழர்க்குப் புதிதன்று. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கும் சிலப்பதிகாரம் பிட்டு விற்பாரையும் அப்பம் விற்பாரையும் குறிப்பிடுகின்றது. ஆயின் இவ்வழக்கம் நகர வாழ்வுக்கும் வாணிகப் பெருக்கத்துக்கும் உரியது. குளமும் வயலும் காடும் சூழ்ந்த வன்னிச் சிற்றூர்களில், நெல்லை விளைவித்தவனே அதனைக் குற்றிச் சமைத்து உண்டான். வழிப்போக்கனுக்கு வீட்டுத் திண்ணையும் கோயில் மடமும் இருந்தன. சோற்றை விற்பது அங்கே தேவையுமன்று, பெருமையுமன்று. 1895 ஆம் ஆண்டில் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் கண்ட வன்னியும் பெரும்பாலும் குடித்தொகை அருகிய, காய்ச்சலால் நலிந்த, குளங்களை நம்பி வாழ்ந்த நாடேயாகும்.

இந்நிலையை மாற்றியது பாதையே. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலை வன்னியை ஊடறுத்துச் சென்றது. ஆங்கிலேயர் தம் அலுவலர் தங்கிச் செல்வதற்கென வழிநெடுக வாடிவீடுகளை அமைத்தனர். ஆனையிறவில் ஒல்லாந்தர் கட்டிய சிறு கோட்டையே பின்னர் வாடிவீடாகப் பயன்பட்டது. இவை துரைமாருக்கும் உத்தியோகத்தருக்கும் உரியனவாக விளங்கினவேயன்றி, வண்டிக்காரனும் கூலியாளும் நுழையத்தக்கனவாக இருக்கவில்லை. 1905 ஆம் ஆண்டில் வட பகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை நிறைவுற்றதும் பயணம் பொதுமக்களுக்கும் உரியதாயிற்று. புகையிரத நிலையங்களை அண்டிக் கடைத்தெருக்கள் வளர்ந்தன. கடைத்தெருவிலே தேநீர்க் கடை தோன்றிற்று.

நெடுஞ்சாலைப் பயணத்துக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை முறிகண்டியிற் காணலாம். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே வீதியோரத்தில் அமைந்த பிள்ளையார் கோயிலின் முன் வாகனங்கள் நின்று செல்வது நெடுங்கால வழக்கம். இறங்கியவர் தேங்காய் உடைத்து வழிபட்டபின் தேநீர் அருந்துவர். வறுத்த கச்சானைப் பொதியாக வாங்கிச் செல்வர். முறிகண்டிக் கச்சானை அறியாத வட பகுதிப் பயணி இலர் எனலாம். வழிபாடும் வாணிகமும் இளைப்பாறலும் ஓரிடத்தில் கூடிய இவ்விடத்தை வன்னியின் வழியோர உணவு மரபுக்கு ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

கடை திறந்தமையால் அதன் வாயில் யாவர்க்கும் திறந்துவிட்டதெனக் கொள்ளுதல் தவறாகும். வட பகுதித் தேநீர்க் கடைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே அமர அனுமதிக்கப்படவில்லை. அவர்க்குத் தேநீர் வெளியே நிறுத்திச் சிரட்டையிலும் போத்தலிலும் தகரப் பேணியிலும் கொடுக்கப்பட்டது. காசு ஒன்றாயிருக்க ஏனம் வேறாயிருந்தது. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் உணவுக்கடை உட்பட்ட பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. எனினும் சட்டம் இயற்றிய அளவிலே வழக்கம் மாறவில்லை. 1966 ஒக்ரோபர் 21 இல் தொடங்கிய தீண்டாமை ஒழிப்புப் போராட்டத்தின் தொடர்ச்சியாகவே யாழ்ப்பாணக் குடாநாட்டின் தேநீர்க் கடைகள் பல திறந்துவிடப்பட்டன. இப்போராட்டத்தின் சூழலை கே. டானியலின் 'பஞ்சமர்' என்னும் நாவல் இலக்கியமாக்கியது. குடாநாட்டினின்று குடியேறியோர் பெருகிய வன்னியும் இவ்வழக்கங்களின் நிழலினின்று முற்றாக விலகி நிற்கவில்லை. ஆகவே, ஒரே வாங்கில் அமர்ந்து ஒரே வகைக் கோப்பையில் தேநீர் அருந்தும் இன்றைய எளிய காட்சி, போராடிப் பெற்ற ஒன்று என்பதை மறத்தலாகாது.

இருபதாம் நூற்றாண்டில் வன்னியின் குடித்தொகை குடியேற்றத்தாற் பெருகிற்று. இரணைமடுக் குளத்தை ஆதாரமாகக் கொண்டு கிளிநொச்சியிற் குடியேற்றங்கள் தோன்றின. 1970 களில் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் உள்நாட்டுப் பயிர்ச்செய்கை இலாபம் தந்தது. விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் இளைஞர் குடியேற்றத் திட்டங்கள் செழித்தன. 1977 ஆம் ஆண்டு இனக்கலவரத்தால் மலையகத்தினின்று இடம்பெயர்ந்த தமிழர் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினர். வீட்டை விட்டு வந்து தனித்து உழைத்த இளைஞனுக்குச் சாப்பாட்டுக் கடை இன்றியமையாததாயிற்று. மலையகத்தார் தம் கோதுமை மா ரொட்டியையும் உடன் கொணர்ந்தனர்.

இங்ஙனம் பலர் வந்து கூடிய இடத்தில் பல நாட்டு உணவுகளும் கூடின. வன்னியில் வீதியோரக் கடையொன்றின் உணவுப் பட்டியலை நோக்கின் இது புலனாகும். தோசையும் இடியப்பமும் பிட்டும் தமிழர்க்குப் பழகியவை. பாண் என்னும் சொல்லோ போர்த்துக்கேய மொழியினின்று வந்தது. சம்பலிற் சேரும் மிளகாயும் அவர்கள் வழியாக அமெரிக்கக் கண்டத்தினின்று வந்ததே. புரியாணியும் பறாட்டாவும் முஸ்லிம் மக்களின் சமையற் கொடை. வட்டிலப்பம் ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்குக் கொணரப்பட்ட மலாயரோடு தொடர்புடையது. நாசி கோறிங் என்பதும் பொரித்த சோறு எனப் பொருள்படும் மலாய்ச் சொற்றொடரேயாம். பிறைட் றைஸ், நூடில்ஸ் என்பன சீனச் சமையலின் வழி வந்தவை. இவையனைத்தும் கொத்து ரொட்டியின் தட்டோசையோடு ஒரே மேசைக்கு வருகின்றன.

1992 ஆம் ஆண்டில் ஆலன் யாவ் இலண்டன் புளூம்ஸ்பரியில் 'வாகமாமா' என்னும் உணவகத்தைத் தொடங்கினார். அறிமுகமற்றோரும் நீண்ட வாங்குகளில் அருகருகே அமர்ந்து, ஆசிய நாடுகள் பலவற்றின் உணவுகளை எளிய முறையில் உண்ணும் ஏற்பாடு அது. பின்னர் பெருந்தொடராக வளர்ந்தது. மேலைநாட்டவர்க்கு அது புதுமையாயிற்று. ஆயின், ஆசியா என்ற பெயர்ப்பலகை எதுவுமின்றியே பல ஆசிய நாடுகளின் உணவையும், முன்பின் அறியாதாரை ஒரே வாங்கில் அமர்த்தும் முறையையும் வன்னியின் வழியோரக் கடைகள் பழகியிருந்தன. அங்கே புதுமை நாடிய வாணிக அறிவு செய்ததை, இங்கே பாதையும் குடியேற்றமும் இடம்பெயர்வும் செய்தன என்பதே வேறுபாடு. மேலும், அவ்விலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் உணவகச் சமையற்கூடங்களில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பிய ஈழத்தமிழர் பலராவர் என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

பாதையால் வளர்ந்தது பாதை அடைபட்டபோது தளர்ந்தது. 1990 ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்டபின் வன்னிக்குச் செல்லும் எரிபொருள் முதலிய பல பொருள்கள் தடைசெய்யப்பட்டன, புகையிரதமும் நின்றது. 1996 இல் கிளிநொச்சி இராணுவத்தின் வசமாயிற்று; 1998 இல் விடுதலைப் புலிகள் அதனை மீளக் கைப்பற்றியபோது நகர் இடிபாடாகவே எஞ்சியிருந்தது. 2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டதும், ஓமந்தைக்கும் முகமாலைக்கும் இடையே உணவகங்கள் மீண்டும் தோன்றின. தனியார் கடைகளோடு, விடுதலைப் புலிகளின் வாணிப அமைப்புகள் நடத்திய 'பாண்டியன் சுவையூற்று' முதலிய உணவகங்களும் பயணிகளால் நிறைந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது.

2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் வன்னி மக்கள் முல்லைத்தீவுக் கரையோரத்தின் ஒடுங்கிய நிலத்துள் நெருக்கப்பட்டனர். அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சியே பலருக்கு உயிர் காத்தது. அதன் நினைவாகவே ஆண்டுதோறும் மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கப்படுகின்றது. மே 18 இல் போர் முடிவுற்றபின் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் வவுனியாவின் செட்டிகுளம் மனிக்பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். தம் வயல்நெல்லை விருந்தினர்க்கு வட்டித்தவர்கள் சோற்றுப் பொதிக்காக வரிசையில் நின்றனர். ஆங்கு இழக்கப்பட்டது உணவின் சுவை மட்டுமன்று. இன்னது வேண்டும், இது போதும் என்று கூறும் மனித உரிமையுமாகும். மனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது.

மீள்குடியேறிய வன்னியில் குடும்பச் சுமையைத் தனியே ஏற்ற பெண்கள் பல்லாயிரவர். 2013 செப்டெம்பரில் யாழ்தேவி கிளிநொச்சியை அடைந்தது. வீதியும் உயிர் பெற்றது. இக்காலப்பகுதியிலேயே 'அம்மாச்சி' என்னும் உணவகங்கள் வட மாகாணத்தில் தோன்றின. தென்னிலங்கையில் 'ஹெல பொஜுன்' என்ற பெயரில் விவசாயத் திணைக்களம் நடத்திய பாரம்பரிய உணவகங்களின் முறையில் இவை அமைந்தன. வடக்கில் தாயின் தாயைக் குறிக்கும் தமிழ்ப் பெயர் சூட்டப்பட்டது. இவற்றிற் சமைப்போரும் விற்போரும் பெண்களே. உண்பவர் காணும்படி அவர் முன்னிலையிலேயே தோசையும் இடியப்பமும் பிட்டும் குரக்கன் பண்டங்களும் இலைக்கஞ்சியும் ஆயத்தமாகின்றன. விலை எளியோர்க்கும் எட்டுவது, உணவு சைவம். தலைமுறை தலைமுறையாகக் கூலியின்றி அடுக்களையிற் செய்த தொழில் இங்கே வருவாய் தரும் தொழிலாகிப் பொது மண்டபத்துக்கு வந்தது. முகாமில் உணவுக்காகக் கையேந்திய சமுதாயத்தின் பெண்கள், வழிப்போக்கர்க்கு உணவளிப்போராயினர். இம்மாற்றத்தின் பெருமையைக் கூறுகையில் அதன் எல்லையையும் கூறுதல் வேண்டும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுத் தட்டுப்பாடும் விலையேற்றமும் நாடெங்கும் சிறு உணவகங்களை வாட்டின. தெரிவு உண்டாயினும் வாங்கும் வலு இன்றேல் பயனில்லை.

இதுகாறும் கூறியவற்றால், வன்னியில் உணவகத்தின் வரலாறு நாவின் சுவை பற்றியதன்று என்பது பெறப்படும். சாதி ஒருவனை வாயிலில் நிறுத்தியது. தடை உணவுப் பட்டியலை வெறுமையாக்கியது. முகாம் அனைவரையும் வரிசையில் நிறுத்தியது. ஒவ்வொரு முறையும் மக்கள் அப்பந்தியை மீள விரித்துள்ளனர். பட்டதாரிகளும் மாணவரும் ஏ-9 வீதியிற் பயணஞ்செய்து, ஒரு கடையில் இறங்கி, விரும்பியதைக் கேட்டு வாங்கி, அறியாதார் அருகில் அமர்ந்து உண்ணும் அச்சிறு பொழுது எத்துணை விலை கொடுத்துப் பெறப்பட்டது என்பதை உணர்தல் கடனாகும். சமைத்த கைகளுக்கு உரிய ஊதியமும் உண்ண வருவார் யாவர்க்கும் சமமான இருக்கையும் உறுதியாகும் நாளிலேயே அப்பந்தி முழுமையுறும் எனத் துணிந்து கூறலாம்.