திராட்சைத் தோட்டத்தில் நின்றவர் யார்? செர்கோ ஸகரியாட்ஸேயின் நடிப்பு குறித்து ஒரு மறுவாசிப்பு

‘ஒரு வீரனின் தந்தை’ (1964) படத்தில் செர்கோ ஸகரியாட்ஸே நடிக்கவில்லை, வாழ்ந்தே காட்டினார் என்ற கூற்று ஜார்ஜியத் திரைப்படம் பற்றிய எழுத்துகளில் வேரூன்றிவிட்டது. ககேத்திப் பகுதியின் திராட்சை விவசாயி ஒருவரே கேமராவின் முன் வந்து நின்றார் என்னும் அளவுக்கு இது போகிறது. பாராட்டாகச் சொல்லப்படும் இந்தக் கூற்று, அவருடைய நெடிய மேடைப் பயிற்சியை இருட்டடிப்புச் செய்கிறது என்பது என் வாதம்.

பாத்திரத்தின் பெயர் கியோர்கி மகராஷ்விலி. ‘ஷ்விலி’ என்றாலும் ‘ட்ஸே’ என்றாலும் பிள்ளை, மகன் என்றே பொருள். ஆனால் முன்னது கிழக்கு ஜார்ஜியப் பெயர்களில் மிகுதி, பின்னது மேற்கில் மிகுதி. பெயரின் விகுதியை மட்டும் கொண்டு ஒருவரின் பூர்விகத்தை முடிவுகட்டக் கூடாதுதான். எனினும் ஸகரியாட்ஸே பிறந்தது ககேத்தியில் அல்ல; 1909இல், எண்ணெய்க் கிணறுகளின் நகரமான பாக்கூவில். படம் வந்தபோது அவருக்கு வயது 55. திரையில் நாம் காணும் கிழவர் முற்றிலும் உருவாக்கப்பட்டவர்.

முந்தைய வாசிப்பு பெரிதும் சாய்ந்து நிற்பது ஒரே ஒரு காட்சியின் மேல். காயம்பட்ட மகனைப் பார்க்க ஊரிலிருந்து கிளம்பியவர், அவனைத் தேடிப் படையோடு படையாக ஜெர்மன் மண்வரை வந்துவிடுகிறார். அங்கே ஒரு சோவியத் டாங்கி திராட்சைக் கொடிகளை நசுக்குவதைக் கண்டு குறுக்கே பாய்கிறார். குடியானவனின் உள்ளுணர்வு வெடித்த கணம் என்று இதை விளக்குகிறார்கள். திரும்பத் திரும்பப் பார்க்கையில் எனக்கு வேறொன்று புலப்படுகிறது. டாங்கி ஓட்டும் இளைஞன் மீது அவர் காட்டும் சினம், சக சிப்பாயின் சினம் அல்ல. தறிகெட்ட பிள்ளையை அடக்கும் தகப்பனின் சினம். அந்தச் சினத்துக்குள்ளேயே கொடிக்கான பரிவும் ஒலிக்கிறது. ரஷ்ய மொழி அவர் நாவில் தடுக்குகிறது. சொல் விட்ட இடத்தைத் திரண்ட அந்த உடம்பும் கைகளும் நிரப்புகின்றன. எதிரே எஃகு மலைபோல டாங்கி நிற்க, தன் உருவத்தைச் சிறுக்கவிடாமல் காட்சி முழுவதையும் அவரே தாங்குகிறார். ஒரே மூச்சில் இருவரை விளித்துப் பேசுவதும், பெருவெளியை ஓர் உடம்பால் நிரப்புவதும் துன்பியல் நாடக மேடையில் பழகியவரின் கைவரிசை. 1956இல் ருஸ்தவேலி அரங்கில் திமித்ரி அலெக்ஸிட்ஸே இயக்கிய ‘மன்னன் ஈடிபஸ்’ நாடகத்தில், அகாக்கி கோரவா போன்ற பெரும் நடிகர்களோடு முறைவைத்து ஈடிபஸாக நின்றவர் இவர். அந்த மேடையிலிருந்து இந்தத் தோட்டத்துக்கு நேர்க்கோடு இழுத்துவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உறவே இல்லை என்பவர்கள்தான் அதற்குக் காரணம் காட்ட வேண்டும்.

எல்லாம் இயக்குநர் ரெஸோ ச்கெயிட்ஸேயின் படத்தொகுப்பு வித்தை என்போருக்கு நீண்ட பதில் தேவையில்லை. வெட்டி ஒட்டுவதற்கு முதலில் நடிப்பு இருந்தாக வேண்டும். 1965 மாஸ்கோ விழாவின் சிறந்த நடிகர் விருதையும் 1966 லெனின் பரிசையும் அரசியல் என்று தள்ளுவோரும் காட்சியைப் பற்றி எதுவும் சொல்லிவிடவில்லை.

பிற்காலப் படங்களே போதிய சான்று. கியோர்கி டனேலியாவின் ‘கவலை வேண்டாம்’ (1969) படத்தில், உயிரோடிருக்கும்போதே தன் இறுதி விருந்துக்கு நண்பர்களை அழைத்து உட்காரவைக்கும் முதிய மருத்துவர் அவர். அடுத்த ஆண்டு, செர்கேய் பொந்தார்ச்சுக்கின் ‘வாட்டர்லூ’வில் பிரஷ்யத் தளபதி ப்ளூகர். விவசாயியாக ‘வாழ்ந்தவர்’ பிரஷ்யத் தளபதியாகவும் வாழ்ந்தாரா?

ககேத்தியின் குர்ஜானியில் மகராஷ்விலிக்கு நினைவுச் சின்னமே இருக்கிறது. மக்கள் அவரைத் தங்கள் ஊர்க்காரராக ஏற்றது இயல்பு. ஆய்வாளர்களாவது ‘வாழ்ந்தார்’ என்ற சொல்லை விட்டுவிட்டு, அவர் எப்படி நடித்தார் என்று எழுதத் தொடங்க வேண்டும்.