கோல்ஃப் சிமுலேட்டர்

கோல்ஃப் சிமுலேட்டர் என்பது, அறைக்குள் தொங்கவிடப்பட்ட கனத்த திரையை நோக்கி உண்மையான மட்டையால் உண்மையான பந்தை அடிக்கச் செய்து, அப்பந்து திறந்தவெளியில் எத்திசையில், எவ்வளவு தொலைவு சென்று விழுந்திருக்கும் என்பதைக் கணித்துப் படமாகக் காட்டும் பயிற்சிச் சாதனமாகும். பந்து உள்ளபடி பறப்பது மூன்று நான்கு மீட்டர் மட்டுமே. எஞ்சிய இருநூறு மீட்டரும் கணக்கு. எனவே இச்சாதனத்தின் வரலாற்றைக் கணினியிலிருந்து தொடங்குவதைவிட, பந்தின் பறத்தலை முதலில் அளந்தவர்களிடமிருந்து தொடங்குவதே முறை.

அவ்வகையில் முதலிடம் பெறுபவர் எடின்பரோ பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட் (1831–1901). கோல்ஃப் தோன்றிய ஸ்காட்லாந்தில் வாழ்ந்த இவர், தாமும் ஆடியவர்; இவருடைய மகன் ஃபிரெடி டெய்ட் 1896, 1898 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றவர். பந்தில் ஏறும் சுழற்சியை அடியின் குறையாகவே ஆட்டக்காரர்கள் கருதிவந்த காலத்தில், கீழிருந்து மேலாகச் சுழலும் பின்சுழற்சியே பந்தை நெடுநேரம் காற்றில் தாங்குகிறது என்று டெய்ட் நிறுவினார். சுழலும் பொருள் காற்றில் பக்கவாட்டு விசைக்கு உள்ளாகும் இவ்விளைவு, 1852இல் அதனை ஆராய்ந்த ஜெர்மானியர் குஸ்டாவ் மாக்னஸின் பெயரால் மாக்னஸ் விளைவு எனப்படுகிறது. டெய்ட் கையாண்ட முறை மிக எளியது: முறுக்கற்ற நீண்ட நாடாவின் ஒரு முனையைப் பந்தில் ஒட்டி, சில அடி தொலைவில் வைத்த களிமண்ணுக்குள் அடிக்கச் செய்து, நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணி, பந்து எத்தனை முறை சுழன்றது என்று கண்டார். இன்றைய சிமுலேட்டர் செய்வது இதையன்றி வேறில்லை; நாடாவின் இடத்தில் கேமராவும் களிமண்ணின் இடத்தில் திரையும் வந்துள்ளன, அவ்வளவே. எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சனும் 1910இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் கோல்ஃப் பந்தின் இயக்கம் குறித்துச் சொற்பொழிவாற்றினார். 1930களில் ஹெரால்டு எட்ஜர்டன் நொடிக்குப் பலமுறை மின்னும் விளக்கொளியில் மட்டைவீச்சைப் படமெடுத்தார். மட்டையும் பந்தும் தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கே ஆதலால், அம்மோதல் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது.

விற்பனைக்குரிய சிமுலேட்டர்கள் 1970களில் அமெரிக்காவில் தோன்றின. அவை மைதானத்தின் நிழற்படங்களைத் திரையில் வீழ்த்திய எளிய அமைப்புகள். பந்தின் வேகம், எழும் கோணம், திசை, சுழற்சி ஆகியவற்றை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் என்ற கருவி செம்மையுற்ற பின்னரே கணிப்பு நம்பத்தக்கதாயிற்று. 2003இல் டென்மார்க்கில் தொடங்கப்பட்ட டிராக்மேன் நிறுவனம் டாப்ளர் ரேடாரைப் பயன்படுத்தியது. ரேடார் பந்தின் பறத்தலைப் பின்தொடர்ந்து அளப்பதால் அதற்கு இடம் மிகுதியாக வேண்டும். பந்து மட்டையை விட்டகன்ற கணத்தையே படமெடுக்கும் கேமரா வகைக்குச் சிறிய அறை போதும். வீட்டுப் பயன்பாட்டுக்கு இதுவே ஏற்றது.

பனி மூடும் நாடுகளில் சிமுலேட்டர் குளிர்காலக் கருவி. நிலம் அரிதாகவும் குளிர் கடுமையாகவும் உள்ள தென்கொரியாவில், 2000இல் நிறுவப்பட்ட கோல்ஃப்சோன் இதனைக் கடைத்தெரு விளையாட்டாகவே மாற்றிவிட்டது. மாறாக, தமிழ்நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் மார்கழி, தை மாதங்களே வெளியில் ஆட உகந்தவை. ஆட்டம் உள்ளே ஒதுங்க வேண்டியது ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் சித்திரை வெயிலிலுமே. ஆங்கிலேயர் 1829இல் கல்கத்தாவில் நிறுவிய கோல்ஃப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையானது. தமிழ்நாட்டில் இவ்வாட்டம் கிண்டியிலும் மலைவாழிடங்களிலும் வேரூன்றியது. அவற்றுள் 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கிளப்பின் மைதானமே ராஜபாளையம் பகுதிக்கு அருகிலுள்ள பழைய மைதானம். அருகில் என்றாலும், சுற்றிச் சென்று மலையேற வேண்டிய தொலைவு அது.

வீட்டில் அமைப்பதற்குத் தடையாவது பெரும்பாலும் கூரையே. இந்தியத் தேசியக் கட்டடவிதித் தொகுப்பு வாழறைக்குக் குறைந்தபட்சமாக விதிக்கும் உயரம் 2.75 மீட்டர்; ஆனால் மட்டைகளுள் நீளமான டிரைவரைத் தயக்கமின்றி வீச மூன்று மீட்டராவது தேவை, அதிலும் மின்விசிறியைக் கழற்றியாக வேண்டும். ஆழம் ஏறத்தாழ ஐந்து மீட்டரும் அகலம் நான்கு மீட்டரும் இருப்பது நல்லது. ராஜபாளையத்தின் நூற்பாலைக் கிடங்குகளைப் போன்ற உயர்ந்த கூரையுள்ள கட்டடங்களில் இச்சிக்கல் எழாது. திரையும் நெசவுப் பொருளே. ஆனால் அண்டையிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணியின் இளநெசவு இதற்கு உதவாது. ஏறத்தாழ 46 கிராம் எடையுள்ள பந்து மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் மோதுவதைத் தாங்கி, அதனைத் திருப்பி எறியாமல் காலடியில் விழச்செய்யும் இறுக்கமான பாலியஸ்டர் நெசவே வேண்டும்.

முழுவீச்சு அடிகளுக்கு இப்பயிற்சி வெளிப்பயிற்சிக்கு நிகரானது. குழியருகே பந்தை உருட்டும் அடி, மணற்குழியிலிருந்து மீட்கும் அடி ஆகியவற்றுக்கு இது அவ்வளவாகப் பயன்படாது. புல்தரையின் சாய்வையும் ஈரத்தையும் ஆட்டக்காரர் நிற்கும் விரிப்பு தருவதில்லை. இக்குறைகள் இருப்பினும், கோல்ஃப் வீரர்கள் டைகர் வுட்ஸ், ரோரி மெக்கில்ராய் ஆகியோர் முன்னின்று உருவாக்கிய, சிமுலேட்டரில் ஆடப்படும் டிஜிஎல் என்னும் உள்ளரங்கத் தொடர் 2025 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தொடங்கியது. இந்தியப் பெருநகரங்களிலும் சிமுலேட்டர் கூடங்கள் உள்ளன.