ஏழு நாள் எலிக்குட்டி எழுப்பிய கேள்வி

1912இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் ஆல்ஃபிரட் ஹாப்ட்மான் என்ற இளம் மருத்துவர், வலிப்பு நோயாளிகள் அமைதியாகத் தூங்கட்டும் என்று பினோபார்பிட்டோன் கொடுத்தார். தூக்கத்தோடு வலிப்பும் குறைந்தது. நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் ‘கார்டினால்’ என்று எழுதப்படுவதும் இதே மருந்துதான். பெரியவர்களிடம் பலித்த மருந்து பிறகு பச்சிளங்குழந்தைகளுக்கும் வந்தது. எடைக்குத் தக்கபடி அளவைக் குறைத்தார்கள்.

அந்தக் குழந்தைகளின் மூளைக்குள் மருந்து என்ன செய்கிறது என்ற கேள்வி கூர்மையானது மதுவைப் பற்றிய ஓர் ஆய்வால். கர்ப்பிணி மது அருந்தினால் பிள்ளையின் மூளை ஏன் சிறுக்கிறது? 2000ஆம் ஆண்டில் கிறிஸாந்தி இக்கோனோமிடூ, ஜான் ஓல்னி குழுவினர் ஏழு நாள் வயதுள்ள எலிக்குட்டிகளுக்கு மதுவைச் செலுத்திப் பார்த்தார்கள். நரம்பணுக்கள் கூட்டங்கூட்டமாகத் தம்மைத் தாமே அழித்துக்கொண்டிருந்தன. வளரும் பருவத்து நரம்பணு, பக்கத்து அணுக்களோடு பேசிக்கொண்டே இருந்தால்தான் பிழைக்கும். அந்தப் பேச்சை மது அடக்கிவிடுகிறது.

வலிப்பு மருந்துகளின் வேலையும் நரம்பணுக்களின் பேச்சை அடக்குவதுதானே! எனக்கு இந்த ஆய்வுக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. மனத்தை நடுங்க வைக்கும் இடமும் இதுவே. பெர்லினில் பெட்ரா பிட்டிகாவ், இக்கோனோமிடூ குழுவினர் பினோபார்பிட்டோன், பினிடாயின், டயாஸிபாம், வால்புரோயேட் ஆகியவற்றை எலிக்குட்டிகளுக்குக் கொடுத்தார்கள். மனிதருக்கு வலிப்பை நிறுத்த ரத்தத்தில் எவ்வளவு மருந்து தேவையோ, ஏறத்தாழ அதே அளவிலேயே நரம்பணுக்கள் மடிந்தன. 2002இல் முடிவு வெளியானது. மூளை விறுவிறுவென்று வளரும் காலத்தில்தான் இந்த ஆபத்து. எலிக்கு அது பிறந்த பின் வரும் முதல் இரண்டு வாரங்கள். மனிதருக்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தொடங்கிப் பிறந்த பிறகும் சில ஆண்டுகள் நீள்கிறது.

எலிக்குட்டியிடம் கண்டதெல்லாம் குழந்தைக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. அடங்காத வலிப்பும் மூளையைக் கெடுக்கும். பயந்துபோய்ப் பெற்றோர் தாமாக மருந்தை நிறுத்துவது பேராபத்து. எலிக்குட்டிகளிடம் இந்தக் கேட்டைச் செய்யாத லெவடிராசிடாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்தின் மீது பலரும் நம்பிக்கை வைத்தார்கள். 2020இல் இரு மருந்துகளையும் பச்சிளங்குழந்தைகளிடம் ஒப்பிட்ட ஆய்வு வெளியானது. 24 மணி நேரம் வலிப்பின்றி இருந்தவர்கள் பினோபார்பிட்டோன் பெற்றவர்களில் 80 விழுக்காடு. லெவடிராசிடாம் பெற்றவர்களில் 28 விழுக்காடு மட்டுமே.

அதனால் நூறாண்டு தாண்டிய அந்தப் பழைய மருந்தே இன்றும் முதல் மருந்து. கொடுக்கும் காலத்தைத்தான் இப்போது சுருக்குகிறார்கள். பிறந்த நேரத்து மூச்சுத்திணறல் போன்ற உடனடிக் காரணத்தால் வந்த வலிப்பு அடங்கிவிட்டால், குழந்தை வீட்டுக்குப் போகும் முன்பே மருந்தை நிறுத்திவிடலாம் என்கிறது சர்வதேச வலிப்புநோய் எதிர்ப்புக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.