தபால் ஒப்பந்தமும் சுதேசிக் கப்பலும்

அந்தமானில் வாழும் தமிழ் அன்பர்களுக்குக் கப்பலின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பாம்பூஃப்ளாட்டிலிருந்து எதிர்க்கரையான சாத்தம் செல்வதற்கே நீரைக் கடத்தல் வேண்டும். தாயகம் செல்வதற்கோ வங்கக் கடல் முழுவதையும் கடத்தல் வேண்டும். ஆயினும் ஒரு கப்பல் கம்பெனி எதனால் நிலைபெறுகிறது, எதனால் வீழ்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. இக்கடலின் சரித்திரத்திலேயே அதற்கு விடை உண்டு.

ஸ்காட்லாந்தில் காம்பெல்டவுன் என்னும் சிற்றூரில் 1823ஆம் ஆண்டு பிறந்தவர் வில்லியம் மக்கின்னன். வர்த்தகத்தின் பொருட்டுக் கல்கத்தா வந்த அவர், 1856இல் கல்கத்தா-பர்மா நீராவிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். 1852ஆம் ஆண்டுப் போரில் இரங்கூன் ஆங்கிலேயர் வசமாகியிருந்தது. அவ்வூருக்குத் தபால் கொண்டு செல்லக் கப்பல் தேவைப்பட்டது. அந்த ஒப்பந்தம் மக்கின்னனுக்குக் கிடைத்தது. 'கேப் ஆப் குட் ஹோப்', 'பால்டிக்' என்னும் இரண்டு சிறு கப்பல்களே முதலில் இருந்தன; ஒவ்வொன்றும் ஏறக்குறைய 500 டன். அவற்றுள் முன்னது 1859இல் ஹூக்ளி நதியில் மோதுண்டு மூழ்கியது. இரண்டில் ஒன்றை இழந்த கம்பெனி அழிந்திருக்கலாம், அழியவில்லை. சரக்குக் கூலி குறைந்தாலும், பயணிகள் வாராவிட்டாலும், தபாலுக்குரிய தொகை அரசாங்கத்திடமிருந்து வந்துகொண்டிருந்தது. 1862இல் 'பிரிட்டிஷ் இந்தியா' எனப் பெயர் மாறிய அந்தக் கம்பெனியையே நம் முன்னோர் 'பி.ஐ. கம்பெனி' என்றனர். 1893இல் மக்கின்னன் மறைந்தபோது அது கீழ்த்திசைக் கடல்களின் பெருங்கம்பெனிகளுள் ஒன்றாகியிருந்தது.

அந்தப் பெருங்கம்பெனியைத்தான் தூத்துக்குடி வழக்கறிஞர் வ. உ. சிதம்பரம் பிள்ளை எதிர்த்து நின்றார். சுதேசிக் கப்பல் கம்பெனி 1906 அக்டோபர் 16இல் பதிவாயிற்று. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். முதலில் வாடகைக் கப்பல்களை நம்பியிருந்த கம்பெனி, பின்னர் 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்களைச் சொந்தமாக வாங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டிற்று. 1,300 சாதாரணப் பயணிகளும் 4,000 மூட்டைகளும் ஒரு கப்பலில் செல்ல இடமிருந்தது.

பி.ஐ. கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. பின்னர் எதிர்த்தரப்பினர் இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தனர். இலவசமாக ஓட்டுதல் எல்லோராலும் இயலுமோ? பல துறைமுகங்களில் வருவாயும், அரசாங்கத்தின் ஆதரவும் உடையவனுக்கே இயலும். சுதேசிக் கம்பெனிக்கு இருந்ததோ பங்குதாரர் கொடுத்த பணமும் மக்கள் கொண்ட பற்றுமே.

1908 மார்ச்சில் சிதம்பரனார் கைது செய்யப்பட்டார். அவ்வாண்டு ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்து, நாடு கடத்துமாறு தீர்ப்பளித்தார். அந்நாளில் அத்தீர்ப்பு அந்தமானையே நினைவூட்டும். செல்லுலார் சிறை 1906இல்தான் கட்டி முடிந்திருந்தது. ஆனால் மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. அவர் இத்தீவுக்கு வாராமல் கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் துன்புற்றார். 1912 டிசம்பரில் அவர் விடுதலையடைந்தபோது கம்பெனி இல்லை. 1911இலேயே அது கலைக்கப்பட்டிருந்தது.

மக்கின்னன் திறமையுடையவர் என்பதில் ஐயமில்லை. சிதம்பரனாரும் திறமையில் குறைந்தவரல்லர். ஒருவருக்கு அரசாங்கம் துணை நின்றது. மற்றவரை அரசாங்கம் சிறையிலிட்டது. வேற்றுமை அதுவே.

சுதந்திர இந்தியாவில் தீவு மக்களின் கப்பல் பயணத்துக்கு அரசே மானியம் அளித்துவருகிறது. இலாபம் ஒன்றையே கருதினால் இக்கடலில் குறைந்த கட்டணத்தில் கப்பல் ஓடாது என்பது அன்றே தெளிவான உண்மை. அன்று அந்நியக் கம்பெனியை வளர்த்த பொதுப்பணம், இன்று தாயகம் செல்லும் தொழிலாளியின் பயணச்சீட்டில் ஒரு பங்கை ஏற்கிறது. சிதம்பரனார் வேண்டிய சுதேசியத்தின் பயன்களுள் இதுவும் ஒன்றெனக் கொள்ளலாம்.