கலங்கரைக் குன்றம்



சென்னையிலிருந்து திருப்போரூர் வழியாகத் தெற்கே செல்லும் சாலைக்குப் பழைய மாமல்லபுரம் சாலை என்பது பெயர். 1990களில் கிழக்குக் கடற்கரைச் சாலை உருவாகும் வரையில், மாமல்லபுரம் செல்வோர் பெரும்பாலும் இவ்வழியே சென்றனர். திருப்போரூர்க் கந்தசாமி கோயிலைக் கடந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்று, பூஞ்சேரியில் கிழக்கே திரும்பினால் பல்லவர் துறைமுகத்தை அடையலாம். அவ்வூர்ச் சாலையின் ஓரத்திலேயே ஒரு பாறைக் குன்று நிற்கிறது. அதனை மலை என்பது சற்று மிகை. பாறையில் அமைந்த படிகளில் சிறுவரும் முதியோரும் சில நிமிடங்களில் ஏறிவிடலாம். ஏறி நின்றால் கிழக்கே கடலும் கடற்கரைக் கோயிலும், மேற்கே உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும் ஒருங்கே காட்சி தரும்.

இக்காட்சிக்காகவே பலரும் இங்கு ஏறுகின்றனர். அது நன்றே. ஆயினும், இக்குன்றிலிருந்து கடலைப் பார்த்தவர்களைவிட, கடலிலிருந்து இக்குன்றைப் பார்த்தவர்களே வரலாற்றில் முதன்மை பெற்றவர்கள். இக்கரை தாழ்ந்த மணற்கரை. தொலைவில் வரும் மரக்கலத்திற்குக் கரை எது, துறை எது என்று உணர்த்த ஓர் உயர்ந்த அடையாளம் வேண்டும்.

அத்தேவையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் நீர்ப்பெயற்று என்னும் பட்டினம் வருகிறது. அங்கே விண்ணளாவ உயர்ந்த மாடம் ஒன்று. ஏணி சார்த்தி ஏறுதற்கும் அரியது. அதன் உச்சியில் இரவில் ஏற்றிய விளக்கு, கடலிற் செல்லும் கலங்களைத் துறைக்கு அழைக்கும். கலங்கரை விளக்கத்தின் பயனை இதனினும் தெளிவாக யார் கூற இயலும்! அந்நீர்ப்பெயற்று மாமல்லபுரமே என்று அறிஞர் சிலர் கருதுவர். பிற்காலத்தில் திருமங்கையாழ்வாரும் கடல்மல்லையைப் பாடும்போது, பொருள்கள் குவிந்த கலங்கள் அங்கு நிற்பதைக் கூறுகிறார்.

இனி, குன்றின் உச்சியிலுள்ள கோயிலைக் காண்போம். ஒலக்கணேஸ்வரர் கோயில் என்று வழங்கும் இது 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில் எழுந்தது என்பர். கீழே கடற்கரைக் கோயிலை எழுப்பியவனும் அவனே. மலையைக் குடைந்தும் செதுக்கியும் கோயில் கண்ட மரபினின்று, கற்களை அடுக்கிக் கட்டும் மரபு இங்கு ஓங்கிய காலம் அது. சுவர்களில் கயிலையைப் பெயர்க்க முயலும் இராவணனையும், ஆலமர்ச் செல்வனையும், ஆடும் ஈசனையும் காணலாம். விமானத்தின் மேற்பகுதி மட்டும் இன்று இல்லை, மொட்டையாக நிற்கிறது.

ஐரோப்பிய மாலுமிகள் இவ்வூரை ஏழு கோயில்கள் என்னும் பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். வில்லியம் சேம்பர்ஸ் என்பார் 1772இலும் 1776இலும் இங்கு வந்து கண்டவற்றை எழுதினார். அது 1788இல் அச்சேறியது. கடலோடிகள் ஏழு கோயில்கள் என்று அறியும் ஊர் இது என்று கட்டுரையின் தலைப்பிலேயே குறித்தார். ஊரின் பெயரே கடலிலிருந்து கண்டோர் இட்டதாயிற்று! ஏழு எவை என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. அதில் நாம் புக வேண்டா.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில அரசினர் இக்கரைக்கு ஒரு விளக்கு வேண்டுமென எண்ணியபோது, தனிக் கோபுரம் கட்டவில்லை. ஒலக்கணேஸ்வரர் கோயிலின் மொட்டைத் தளத்தின் மீதே விளக்கை அமைத்துவிட்டனர். ஈசன் கோயில் விளக்குத் தண்டாயிற்று. இதனைக் கேட்டுச் சினப்பவர் உண்டு. சினத்திற்கு நியாயமும் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட கலைச்செல்வத்தின் தலையில் எண்ணெயும் இரும்பும் ஏற்றுவது பொறுப்பான செயலன்று. ஆனால் இடத்தேர்வில் அவர்கள் பிழைக்கவில்லை. பல்லவரே இக்கோயிலில் விளக்கேற்றிக் கலங்களுக்கு வழிகாட்டினர் என்று இங்குள்ள வழிகாட்டிகள் உறுதியாகக் கூறுவர். அதனை மெய்ப்பிக்கும் கல்வெட்டு கிடைத்ததில்லை. அழகிய கதை என்ற அளவில் அதனை வைத்துக்கொள்வோம்.

நற்காலமாக, 1900இல் அருகிலேயே தனிக் கோபுரம் ஒன்றைக் கட்டத் தொடங்கினர். கருங்கல்லால் ஆன வட்ட வடிவக் கோபுரம்; 1904இல் அதில் விளக்கு எரிந்தது. கோயில் தன் சுமையினின்று விடுபட்டது. அன்று ஒரு கோபுரத்தின் செலவைச் சுமக்க மனமில்லாதிருந்தால், இராவணனும் ஆலமர்ச் செல்வனும் இன்று என்ன நிலையில் இருப்பார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். 1984இல் யுனெஸ்கோ நிறுவனம் மாமல்லபுரச் சின்னங்களை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது.

மேற்கே தெரியும் கால்வாயையும் ஒருமுறை நோக்குங்கள். 1806இல் சென்னைக்கு வடக்கே எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய நீர்வழி, பின்னர்த் தெற்கே மரக்காணம் வரை நீண்டது. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தில், பசித்தோர் கூலிக்கு மண் வெட்டி அதன் சென்னை நகரப் பகுதியை இணைத்தனர். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்ற அக்கால்வாயில், மாமல்லபுரம் காண வந்த பயணிகளும் இரவெல்லாம் படகில் வந்தனர். இன்று படகுப் போக்குவரத்து நின்றுவிட்டது.

இறங்கும்போது அவசரப்பட வேண்டா. கோயிலைத் தாங்கும் அதே பாறையின் அடியில் மகிடாசுரமர்த்தினி குகை இருக்கிறது. ஒரு பக்கச் சுவரில் சிங்கத்தின் மீது அமர்ந்து போர்புரியும் கொற்றவை. எதிர்ச்சுவரில் பாம்பணையில் துயிலும் திருமால். மாலை வெயில் சாயுமுன் அங்கே சென்றுவிடுங்கள். பிறகு சிற்பங்கள் தெளிவாகத் தெரியா.