டிவி பெட்டி 'ஸ்மார்ட்' ஆன கதை

கரண்ட் இருந்தால், பொத்தானை அழுத்தியதும் படம் தெரிய வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டியிடம் சாதாரண மனிதன் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த வேலையை ஒழுங்காகச் செய்த பெட்டி, 'ஸ்மார்ட்' என்று பெயர் வாங்கிய பிறகு தடுமாறுகிறதே, ஏன்? பதில் தெரிய வேண்டுமானால் பெட்டியின் பழைய கதையைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

நான்கே வேலை

1956இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 'ஸ்பேஸ் கமாண்ட்' என்ற ரிமோட்டை விற்பனைக்குக் கொண்டு வந்தது. வடிவமைத்தவர் ராபர்ட் ஆட்லர். அதற்குப் பேட்டரியே கிடையாது! பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் அலுமினியக் கம்பியைத் தட்டும். மனிதக் காதுக்குக் கேட்காத அந்த ஒலியைப் பெட்டி புரிந்துகொள்ளும். ஆன்-ஆஃப், அடுத்த சேனல், முந்தைய சேனல், சத்தத்தை நிறுத்துவது... அவ்வளவுதான் அதன் வேலை.

இந்தியாவில் 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் வந்தது. அதே ஆகஸ்டில் இன்னொரு பெரிய காரியமும் நடந்தது. 'சைட்' என்ற திட்டத்தில், அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் மூலம் ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ ஓராண்டு காலம் ஒளிபரப்பைக் கொண்டு சேர்த்தது. கோழிவலைக் கம்பியில் செய்த பத்தடி ஆண்டெனா, பள்ளிக்கூடம் போன்ற பொது இடத்தில் ஒரு பெட்டி. ஏறி இறங்கும் மின்னழுத்தம், தூசி, வெயில் எல்லாவற்றையும் யோசித்துத்தான் பெட்டியை உருவாக்கினார்கள். பார்க்கப் போகிறவர் யார் என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு செய்த பெட்டி அது.

அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. கல்வராயன் மலையோ அப்போது ஜாகீர்தார்களின் பிடியிலேயே இருந்தது. ஜாகீர் முறை அங்கே ஒழிந்தது 1976இல்தான். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்த பிறகும் மலை மக்கள் ஜாகீர்தாருக்குக் கட்டுப்பட்டுத்தான் இருந்தார்கள்!

மொட்டை மாடியிலிருந்து மலை வரை

1984இல் தூர்தர்ஷன் நாடெங்கும் சிறு ஒளிபரப்பு நிலையங்களை மளமளவென்று திறந்தது. மொட்டை மாடிகளில் மீன்முள் ஆண்டெனாக்கள் முளைத்தன. மேலே ஒருவர் கம்பத்தைத் திருப்ப, கீழே ஒருவர் "தெரியுது, தெரியுது... ஐயோ போச்சு!" என்று கத்தியதெல்லாம் அந்தக் காலம். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. கேபிள் வயர் தெருத்தெருவாக ஓடியது. சிதறிக் கிடக்கும் மலைக் கிராமங்களுக்கு வயர் இழுப்பது யாருக்கும் கட்டுப்படியாகாத வேலை. மாதச் சந்தா இல்லாத தூர்தர்ஷன் டிஷ் சேவை 2004 டிசம்பரில் தொடங்கியபோது, அப்படிப்பட்ட ஊர்களுக்கும் ஒரு வழி பிறந்தது.

2006 சட்டமன்றத் தேர்தலில் திமுக இலவச வண்ணத் தொலைக்காட்சி தருவதாக வாக்குறுதி கொடுத்தது. செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் திட்டம் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வழங்கப்பட்டன. அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சி வட்டாரமும் பெற்றது. (கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்.) அரசுப் பணத்தில் இப்படிக் கொடுக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013இல் தீர்ப்பானது.

அரசியல் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். வடிவமைப்பாகப் பார்த்தால் அது நல்ல பெட்டி. பெயர் கேட்காது, கடவுச்சொல் கேட்காது, இணையம் கேட்காது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் எண்ணை அழுத்திச் சேனல் மாற்றலாம். பழுதானால் மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கீழே கொண்டு வந்தால் மெக்கானிக் பிரித்துப் பார்ப்பார்.

எங்கே சறுக்கியது?

அரசு கேபிள் 2011இல் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தது. 2017இல் செட்டாப் பாக்ஸ் வந்தது. டிவிக்கு ஒரு ரிமோட், பாக்ஸுக்கு ஒரு ரிமோட். 2022 நவம்பரில் மென்பொருள் கோளாறால் லட்சக்கணக்கான அரசு கேபிள் பாக்ஸ்கள் படம் காட்டாமல் நின்றபோது, புதிய உண்மை ஒன்று புரிந்தது. வீட்டில் இருக்கும் பெட்டியின் உயிர் வேறெங்கோ இருக்கிறது.

ஸ்மார்ட் டிவியில் இது முழுமையானது. ஆன் செய்தால் முதலில் நிறுவனத்தின் சின்னம், பிறகு விளம்பரம் நிறைந்த முகப்பு. கேபிள் பார்க்க மெனுவுக்குள் போய் 'எச்டிஎம்ஐ' தேட வேண்டும். எண் பொத்தான்கள் பல ரிமோட்டுகளில் இல்லை. அந்த இடத்தில் ஓடிடி நிறுவனங்களின் பெயர்கள் உட்கார்ந்திருக்கின்றன. கடவுச்சொல்லை அம்புக்குறியால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்ட வேண்டும். திரை நன்றாக இருக்கும்போதே செயலி செத்துப்போவதும் உண்டு. 2019 டிசம்பரில் சில பழைய சாம்சங் டிவிகளில் நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது.

இதெல்லாம் பொறியாளர்களின் அறியாமையா? இல்லை, கணக்கு. அமெரிக்காவின் விஜியோ நிறுவனம் சுமார் 1.1 கோடி டிவிகளில் மக்கள் பார்ப்பதை அனுமதியில்லாமல் சேகரித்ததாக வந்த வழக்கை 2017இல் 22 லட்சம் டாலர் கொடுத்து முடித்தது. 2021இல் அதே நிறுவனம் காட்டிய ஒரு காலாண்டுக் கணக்கில், டிவி விற்றதில் வந்த மொத்த லாபத்தைப்போல இரு மடங்குக்கும் மேல் விளம்பரம், தரவு சார்ந்த பிரிவில் வந்தது. பெட்டி விற்பது தொடக்கம்தான். வியாபாரம் அதற்குப் பிறகு. முகப்பில் விளம்பரம் முன்னாலும் கேபிள் பின்னாலும் இருப்பது அதனால்தான்.

எப்படி இருக்கலாம்?

தீர்வுக்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

1. ஆன் செய்தால் கடைசியாகப் பார்த்த சேனல் வரட்டும். முகப்பு வேண்டுமென்பவர் தனியாக அழுத்திக்கொள்ளட்டும்.

2. ரிமோட்டில் எண்களும், கேபிளுக்கு ஒரு தனிப் பொத்தானும் இருக்கட்டும். முதல் திரையே தமிழில் பேசட்டும்.

3. இணையம் இல்லாமலும் பெட்டி முழுப் பெட்டியாக இயங்கட்டும். சிக்னல் சரியாக எட்டாத மலைக் கிராமத்திலும் அது விற்கிறதே!

4. திரை வேறு, மூளை வேறாக இருக்கட்டும். மூளை பழசானால் அந்தச் சின்னத் துண்டை மட்டும் மாற்றலாம்.

5. எத்தனை ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு உண்டு என்பதை, மின்சிக்கன நட்சத்திரம்போல அட்டைப்பெட்டியின் மேல் அச்சிடட்டும்.

6. பார்ப்பதைக் கண்காணிக்கும் வசதி அணைந்த நிலையிலேயே கடைக்கு வரட்டும்.

கோழிவலையில் ஆண்டெனா செய்தவர்கள் கிராமத்து மனிதரை மனதில் வைத்துச் செய்தார்கள். இன்று அந்த இடத்தில் விளம்பரதாரர் உட்கார்ந்திருக்கிறார். பெட்டி முட்டாளாகிவிடவில்லை. அது யாருக்காக வேலை செய்கிறது என்பதுதான் மாறிவிட்டது.